அக்ஷ ஹ்ருதயம்



மகாபாரதத்தில் சூதாட்ட மண்டபத்தில் நடந்தது என்ன என்பதைக் கேட்டறியாத தமிழர் இல்லை. திரௌபதியின் துகிலுரிதல் தெருக்கூத்தாகவும், காலக்ஷேபமாகவும், பாட்டாகவும் எத்தனையோ தலைமுறைகளாகச் செவியில் விழுந்துகொண்டே இருக்கிறது. ஆனால் அதற்குப் பிற்பாடு, த்வைதவனத்தில் மரவுரி தரித்து அமர்ந்திருந்த தர்மபுத்திரர் தம் தம்பி பீமனிடம் சொன்ன வார்த்தை அவ்வளவாகப் பிரஸித்தி பெறவில்லை. ராஜ்யம் போனதை நினைத்து நினைத்துப் பொருமிய பீமன், தமையனாரின் சூதாட்டத்தைக் குறித்துக் கடுமையாகப் பேசிவிட்டான். அதற்கு அந்த மகான் சாக்குப்போக்கு எதுவும் கூறவில்லை.

சொல்வதற்கு அவருக்குச் சாக்குகள் நிரம்ப இருந்தன. அழைத்தால் மறுப்பதில்லை என்பது அவர் ஏற்றிருந்த விரதம். அழைப்பை அனுப்பியவரோ பெரிய தகப்பனார். எதிரே அமர்ந்து காய் உருட்டிய சகுனி வஞ்சகத்தில் கைதேர்ந்தவன். இவை யாவும் உண்மை. உபந்யாஸகர்களும் இவற்றைச் சொல்லியே தர்மபுத்திரரைக் காப்பாற்றுவது வழக்கம். அவரோ தம்மைக் காப்பாற்றிக்கொள்ள விரும்பவில்லை. துரியோதனனுடைய ராஜ்யத்தையும் தாமே அடைந்துவிடலாம் என்னும் ஆசையோடுதான் காயைக் கையில் எடுத்ததாகப் பீமனிடம் ஒப்புக்கொள்கிறார். அத்துடன் நிறுத்தவுமில்லை. ஒற்றை என்றால் ஒற்றையும் இரட்டை என்றால் இரட்டையும் சகுனியின் விருப்பப்படியே விழுவதைக் கண்ணால் கண்டபோதே மனத்தை அடக்கி எழுந்திருக்க முடியும் என்றும், எழவொட்டாமல் தடுத்தது கோபம் என்றும், புருஷனுடைய தைரியத்தைக் கோபம் அழித்துவிடுகிறது என்றும் சொல்கிறார்.

இந்த வார்த்தையைச் சற்று நின்று சிந்திக்க வேண்டும். சூதில் மனிதனைக் கெடுப்பது பேராசை என்று நாம் எண்ணுகிறோம். உட்கார வைப்பது ஆசைதான், ஸந்தேகமில்லை. ஆனால் எழுந்திருக்க விடாமல் பிடித்து வைப்பது ஆசையன்று, தோற்ற கோபம். ஸபா பர்வத்தில் பணயம் வைத்த வரிசையைப் பார்த்தால் இது தெளிவாகும். முதலில் வைத்தது ஒரு மணியாரம். அடுத்துப் பொன் நிறைந்த குடங்கள், ரதம், பணியாட்கள், யானைகள், குதிரைகள். ஒவ்வொரு முறையும் சகுனி 'ஜயித்தேன்' என்று ஒரே சொல்லைச் சொல்கிறான். வியாஸபகவான் அந்தச் சொல்லை மாற்றாமல் திரும்பத் திரும்ப வைத்திருக்கிறார். கேட்பவர் காதிலேயே அது ஆணி அறைவதுபோல் விழுகிறது என்றால், எதிரே உட்கார்ந்திருந்தவர் காதில் எப்படி விழுந்திருக்கும்? இடையே விதுரர் எழுந்து திருதராஷ்டிரனுக்கு நல்லதை எடுத்துச் சொல்லிக் கெஞ்சினார். ஆட்டம் நிற்கவில்லை. நகுலன், ஸகதேவன், அர்ஜுனன், பீமன் என்று தம்பிகள் போனார்கள். பின்பு தம்மையே வைத்துத் தோற்றார். அதற்கும் பின்பு திரௌபதி. ராஜஸூய யாகம் செய்து, அரசர்கள் யாவரும் திறை கொண்டுவந்து குவிக்க, ஸார்வபௌமனாக வீற்றிருந்தவருக்கு மணியாரம் போனது ஒரு நஷ்டமா? நஷ்டத்தின் அளவு கணக்கில் இல்லை. தோற்றேன் என்பதுதான் பொறுக்கவில்லை.

போக்கர் என்று ஒரு சீட்டாட்டம் மேல்நாடுகளில் பிரபலம். அதை ஆடுவோர், தோற்ற ஆத்திரத்தில் நிதானம் இழந்து பணயத்தை ஏற்றிக்கொண்டே போகிறவனைக் குறிக்க 'டில்ட்' என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். சாய்ந்துபோனவன் என்று பொருள். பெயர் புதிது, வியாதி மிகப் பழையது. ருக்வேதத்தின் பத்தாவது மண்டலத்திலேயே சூதாடியின் புலம்பலாக ஒரு ஸூக்தம் இருக்கிறது. இனிப் போவதில்லை என்று தீர்மானித்தவன், காய் உருளும் ஓசை கேட்டதும் எழுந்து ஓடுகிறான், மாமியார் வெறுக்கிறாள், மனைவி கதவைச் சாத்துகிறாள், கடன்காரனுக்குப் பயந்து இரவில் பிறர் வீட்டை நாடுகிறான். சூதை விட்டு நிலத்தை உழுதுண்ணும்படி வேதபுருஷனே புத்தி சொல்கிறான்.

தோல்வியைப் பற்றி இவ்வளவு. ஜயத்தைப் பற்றி என்ன?

திருதராஷ்டிரன் பயந்துபோய் திரௌபதிக்கு வரம் தருகிறான். முதல் வரத்தால் தர்மபுத்திரர் அடிமைத்தனத்தினின்றும் விடுபட்டார். இரண்டாவதால் மற்ற நால்வரும் ஆயுதங்களோடும் ரதங்களோடும் விடுதலை பெற்றனர். மூன்றாவது வரமும் கேள் என்றான். அவள் கேட்கவில்லை. ராஜ்யத்தையே கேட்டிருக்கலாம், மறுக்கக்கூடிய நிலையில் அவன் இல்லை. போதும் என்று நிறுத்தினாள். அந்த மண்டபம் முழுவதிலும், எங்கே நிறுத்துவது என்று அறிந்திருந்தவள் அவள் ஒருத்திதான். கேளாமலேயே திருதராஷ்டிரன் எல்லாச் செல்வத்தையும் திருப்பிக் கொடுத்து இந்திரப்பிரஸ்தத்துக்கு அனுப்பினான். வழியில் மறுபடி அழைப்பு வந்தது. போனதெல்லாம் கைக்கு வந்துவிட்ட பிறகு, வரப்போகும் கெடுதி தெரிந்திருந்தும், தர்மபுத்திரர் திரும்பினார், மறுபடி உட்கார்ந்தார். பன்னிரண்டு ஆண்டு வனவாஸமும் ஓராண்டு அஜ்ஞாதவாஸமும் அந்த ஒரே ஆட்டத்தில் வந்தவை. முதல் ஆட்டத்தையே எல்லோரும் பேசுகிறார்கள். உண்மையில் நடுங்க வேண்டியது இந்த இரண்டாவது ஆட்டத்தை நினைத்துத்தான். சூதாடியின் மனம் போனதைத் திரும்பப் பெறுவதற்காக அழுகிறது என்று உலகம் எண்ணுகிறது. பெற்ற பின்பும் அது ஓயவில்லை.

திருவள்ளுவரும் சூதுக்கென்று ஓர் அதிகாரம் வகுத்து, அதைத் தொடங்கும்போதே ஜயித்தவனைத்தான் எச்சரிக்கிறார். ஜயித்த பொருளை, தூண்டிலில் மீன் விழுங்கிய இரைக்கு ஒப்பிடுகிறார். கன்னப்பின்னா என்று தோற்றவன் வீட்டிலே அழுதுகொண்டாவது உட்கார்ந்திருப்பான். ஜயித்தவன் உடனே புறப்படுகிறான்.

ஸ்ரீமத் பாகவதத்திலும் இதற்கு ஓர் உதாரணம் உண்டு. அநிருத்தனுடைய விவாகத்தின்போது போஜகடத்தில் ருக்மி, பலராமரைச் சூதுக்கு அழைத்தான். முதலில் நூறு, பிறகு ஆயிரம், பிறகு பதினாயிரம் என்று பலராமர் தோற்க, கலிங்க தேசத்து அரசன் பல் தெரியச் சிரித்தான். பிறகு பலராமர் ஜயித்தபோதோ ருக்மி தானே ஜயித்ததாகப் பொய் சொன்னான். அசரீரி சொல்லியும் ஒப்பவில்லை. கல்யாண வீட்டில் ருக்மியின் உயிர் போயிற்று. சிரித்தவனுடைய பற்களும் போயின. மைத்துனன் மாண்டு கிடக்க, நல்லதென்றும் சொல்லாமல் கெட்டதென்றும் சொல்லாமல் கண்ணபிரான் மௌனமாக நின்றான் என்கிறார் சுகர். ஒரு பக்கம் ருக்மிணிப் பிராட்டி, மறுபக்கம் தமையனார். ஸர்வேச்வரனையே வாய் திறக்க வொட்டாமல் செய்த விளையாட்டு அது.

அப்படியானால் ஜயாபஜயங்களை ஸமமாகக் கொள் என்று அதே கண்ணபிரான் கீதையில் அருளிச்செய்ததை இங்கே பொருத்தலாகாதா என்று சிலர் கேட்பதுண்டு. 'ஜயித்தாலும் துள்ளமாட்டேன், தோற்றாலும் துவளமாட்டேன், ஆகவே ஆடினால் என்ன?' என்பது அவர்கள் வாதம். இது ஸாமர்த்தியமான வாதமேயன்றி ஸரியான வாதமன்று. அந்த உபதேசம் யாருக்கு, எங்கே செய்யப்பட்டது? செய்தே தீரவேண்டிய ஸ்வதர்மத்தின் நடுவே கலங்கி நின்ற அர்ஜுனனுக்கு, குருக்ஷேத்திரத்தில் செய்யப்பட்டது. கடமையின் பலனில் மனத்தை வைக்காதே என்று பகவான் சொன்னானே தவிர, கடமையல்லாததைப் பற்றற்றுச் செய் என்று சொல்லவில்லை. பணயம் வைத்த ஆட்டத்தில் ஒருவன் பெறுவது இன்னொருவன் வீட்டு உலையரிசி. அதை வாங்கிக்கொண்டு மனம் அசையாமல் இருப்பதற்கு ஸமபுத்தி என்று பெயரில்லை. கல்நெஞ்சு என்று பெயர். தன் வீட்டு அரிசியை இழந்துவிட்டு அசையாமல் இருப்பதும் அப்படியே.

வஞ்சிப்பவற்றுள் தானே சூதாக இருப்பதாக விபூதி யோகத்தில் பகவான் சொல்லியிருப்பதைக் காட்டுவோரும் உண்டு. ஒவ்வொரு கூட்டத்திலும் தலையாயது எதுவோ அதைச் சொல்லிக்கொண்டு வருகிற இடம் அது. வஞ்சகத்துக்கு இடமானவை பல இருக்க, அவற்றுள் முதலிடம் சூதுக்கு என்று சொன்னதை, சூதுக்குக் கொடுத்த நற்சான்றாக எடுத்துக்கொள்வது வேடிக்கை.

இனி நளசரித்திரம். காம்யகவனத்தில், அர்ஜுனன் இந்திரலோகம் சென்றிருந்த ஸமயம், தம்மைப்போல் துர்ப்பாக்கியசாலி உண்டோ என்று கேட்ட தர்மபுத்திரருக்கு ப்ருஹதச்வ மகரிஷி சொன்ன கதை அது. பரீக்ஷித்து கலிபுருஷனுக்கு ஒதுக்கிக்கொடுத்த இடங்களில் சூதும் ஒன்று என்பதைப் பாகவதம் சொல்லும். நளனைப் பிடித்தவனும் அதே கலி. தம்பி புஷ்கரனோடு நளன் ஆடியது ஒரு நாள் இரண்டு நாள் அன்று, பல மாதங்கள். மந்திரிகளும் நகரத்தாரும் வாயிலில் வந்து நின்றார்கள். தமயந்தி கண்ணீரோடு போய்ச் சொன்னாள். அவன் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

அப்போது தமயந்தி செய்த காரியம் குடும்ப ஸ்த்ரீகள் எல்லோரும் அறியத்தக்கது. அழுதுகொண்டே உட்கார்ந்திராமல், வார்ஷ்ணேயன் என்னும் தேரோட்டியை அழைத்து, குழந்தைகள் இருவரையும் தேரில் ஏற்றித் தன் தகப்பனாருடைய குண்டினபுரத்துக்கு அனுப்பிவிட்டாள். கணவனைக் கைவிடவில்லை, அவனோடு ஒற்றைத் துணியுடன் காட்டுக்கும் போனாள். ஆனால் குழந்தைகளைப் பணயத்துக்கு எட்டாத இடத்தில் முன்னதாகவே வைத்துவிட்டாள். பதிபக்தி என்றால் வீட்டுச் சாவியையும் நகைப்பெட்டியையும் சூதாடியின் கையில் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வது என்று எண்ணுகிறவர்கள் தமயந்தியைப் படிக்கவில்லை.

எல்லாம் போன பின், மிச்சம் தமயந்திதானே, அவளையும் வை என்றான் புஷ்கரன். நளனுடைய நெஞ்சு கோபத்தால் வெடித்துவிடும்போல் ஆயிற்று. ஆனாலும் பதில் ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஆபரணங்களைக் கழற்றி வைத்தான். எழுந்து வெளியே நடந்தான். தர்மபுத்திரரால் எழ முடியாமற்போன இடத்தில் நளன் எழுந்தான். கலி உடம்புக்குள் இருக்கும்போதே எழுந்தான் என்பதுதான் ஆச்சரியம். கோபம் வராமல் இருக்கவில்லை. கோபம் வந்தது, அதன் கையில் காயைக் கொடுக்கவில்லை.

பின்பு பாஹுகன் என்ற பெயரில் அயோத்தி அரசனாகிய ருதுபர்ணனுக்குத் தேரோட்டியான நளன், அவனிடமிருந்து அக்ஷ ஹ்ருதயம் என்னும் வித்தையைப் பெறுகிறான். வழியில் நின்ற ஒரு தான்றி மரத்தில் இருந்த இலைகளையும் காய்களையும் ருதுபர்ணன் பார்த்த மாத்திரத்தில் எண்ணிச் சொல்ல, நளன் தேரை நிறுத்தி எண்ணிப் பார்த்து அது ஸரியென்று கண்டான். முற்காலத்தில் சூதுக்காய் ஆனதும் அந்தத் தான்றிக்காய்தான். வித்தை கைவந்த அந்த க்ஷணமே கலி அவனைவிட்டு வெளியேறி அம்மரத்தில் புகுந்தான் என்கிறது பாரதம். தைவம், அதிர்ஷ்டம், துரதிர்ஷ்டம் என்று மயங்கியிருந்தவனுக்கு அது கணக்கு என்று தெரிந்தவுடன் பேய் விட்டது என்று பெரியோர் இதற்குக் கருத்துச் சொல்லுவதும் பொருத்தமாகவே இருக்கிறது.

நளன் நிஷத நாட்டுக்குத் திரும்பி வந்து, ஒரே ஆட்டம், இல்லையேல் யுத்தம் என்று புஷ்கரனை அழைத்தான். இனி தமயந்தியும் தனக்கே என்று புஷ்கரன் பிதற்றினான். தலையை வெட்டிவிடலாம் போல் நளனுக்கு ஆத்திரம் வந்தது. ஆனாலும் புன்னகையோடு காயை எடுத்தான். ஒரே உருட்டலில் ராஜ்யம், பொருள், புஷ்கரனுடைய உயிர் உள்படச் சகலமும் வசமாயின. அந்த நிமிஷத்தில் அவன் சொன்னதைக் கேளுங்கள். முன்பு தன்னைத் தோற்கடித்தவன் கலியே அன்றிப் புஷ்கரன் அல்லன் என்றும், பிறன் செய்த குற்றத்தைத் தம்பியின் தலையில் ஏற்றப்போவதில்லை என்றும் சொல்லி, உயிரையும் அவனுக்குரிய பங்கையும் கொடுத்துத் தழுவிக்கொண்டான். ஒரு மாதம் உபசரித்து வைத்திருந்து ஊருக்கு அனுப்பினான். அதன்பின் நளன் சூதாடியதாகக் கதை எங்கும் சொல்லவில்லை.

இக்காலத்தில் சூதாட்ட மண்டபத்துக்கு யாரும் போகவேண்டியதில்லை. செல்போனிலேயே ரம்மி வந்து உட்கார்ந்துகொண்டது. 1930ஆம் ஆண்டிலேயே சென்னை மாகாணத்தில் சூதாட்டத்தைத் தடுக்கச் சட்டம் செய்தார்கள். 2022இல் தமிழக சட்டமன்றம் இணையச் சூதாட்டத்துக்கு எதிராகச் சட்டம் இயற்றியது. 2025இல் பாராளுமன்றம், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. அரசு செய்யவேண்டியதைச் செய்கிறது. ஆயினும் நள்ளிரவில், வீட்டார் உறங்கிய பின், போர்வைக்குள் ஒளிந்து கொண்டு பெண்ணின் கல்யாணத்துக்கு வைத்திருந்ததைத் தோற்றவனுடைய நெஞ்சு அந்த நேரத்தில் படுகிற பாட்டுக்குச் சட்டப்புத்தகத்தில் மருந்தில்லை. அவன் முதலில் செய்யவேண்டியது, விட்டதைப் பிடிக்க இன்னும் ஓர் ஆட்டம் ஆடாமல் இருப்பது. இரண்டாவது, விடிந்ததும் வீட்டாரிடம் உள்ளதைச் சொல்வது. பீமன் திட்டத்தான் திட்டுவான். தர்மபுத்திரர் அதை வாங்கிக்கொண்டார். தம்பிமார் ஒருவரும் அவரை விட்டுப் போகவில்லை என்பதையும் கவனிக்கவேண்டும். மறைத்து வைத்தவர்கள்தான் கடனுக்கு மேல் கடன் வாங்கி, கடைசியில் உயிரையே மாய்த்துக்கொள்ளத் துணிகிறார்கள். பணயம் வைக்க உயிர் அவர்களுடையதன்று. ஜீவாத்மா எம்பெருமானுக்கே சேஷமானது என்பது சம்பிரதாயத்தின் முதல் பாடம். பிறருடைய சொத்தைப் பணயம் வைப்பார் உண்டோ?

ஸந்நிதிகளில் இன்னொரு காட்சியும் காணக்கிடைக்கிறது. விட்ட பணம் திரும்பி வந்தால் பாதியை உண்டியலில் சேர்ப்பதாகப் பிரார்த்தித்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். பெயர் நக்ஷத்திரம் சொல்லி அர்ச்சனை செய்துகொண்டு போய் ஆட உட்காருகிறவர்களும் இருக்கிறார்கள். சகுனியின் இடத்தில் பெருமாளையே உட்கார வைக்கும் அபசாரம் இது என்று அவர்களுக்குத் தோன்றுவதில்லை. அதே மனிதர் அதே ஸந்நிதியில் நின்று, தோற்றதைச் சொல்லி அழுது, இனி இந்தக் கை காயைத் தொடாதிருக்க அருளவேண்டும் என்று பிரார்த்திக்கட்டும். அந்தப் பிரார்த்தனைக்குத் தக்ஷிணை வேண்டியதில்லை.

விளையாட்டே கூடாது என்பதன்று. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிப்பதற்காகப் பெரியோர் பரமபத ஸோபான படம் ஆடச் சொன்னார்கள். தாயக்கட்டை உருட்டி, ஏணியில் ஏறி, பரமபதத்துக்கு அருகில் போனவனைப் பெரிய பாம்பு கடித்துக் கீழே தள்ளுகிறது. பாட்டி சிரிக்கிறாள், பேரனும் சிரித்துக்கொண்டே மறுபடி கட்டையை எடுக்கிறான். திருமலையில் ஹாதிராம் பாவாஜியோடு ஸ்ரீநிவாஸனே இரவில் வந்து பகடை ஆடினான் என்று பெரியோர் சொல்லக் கேட்டு வருகிறோம். பணயம் என்று எதுவும் இல்லாதவரை தோல்வி சிரிப்பாகவே இருக்கிறது.

தர்மபுத்திரரும் பிற்பாடு ப்ருஹதச்வரிடமிருந்து அக்ஷ ஹ்ருதயத்தைப் பெற்றார். அதைப் பெற்றவர் பதின்மூன்றாம் ஆண்டில் எங்கே போனார் என்றால், விராட மகாராஜனுடைய அரண்மனைக்கு, கங்கன் என்ற பெயரில், அரசனோடு சூதாடும் ஸபாஸதராகப் போனார்! எந்தக் காய் அவரை அழித்ததோ அதையே கையில் வைத்துக்கொண்டு ஓராண்டு காலம் இருந்தார்.

ஆண்டின் முடிவில் கௌரவ ஸேனையை உத்தரன் ஜயித்துவிட்டான் என்ற செய்தி வந்தது. விராடன் ஆனந்தத்தால் தலைகால் தெரியாமல், காயைக் கொண்டுவா, ஆடுவோம் என்றான். மகிழ்ச்சியில் மிதக்கிறவனோடு சூதாடலாகாது என்று கேள்விப்பட்டிருப்பதாகக் கங்கன் சொன்னார். யுதிஷ்டிரன் என்று ஒருவன் ராஜ்யத்தையும் தம்பிகளையும் சூதில் தோற்றதை நீயும் அறிந்திருப்பாயே என்று தம்மையே எடுத்துக்காட்டாகவும் சொன்னார். அரசன் கேட்கவில்லை, ஆட்டம் தொடங்கியது. மகனுடைய வீரத்தை விராடன் புகழப் புகழ, ப்ருஹந்நளை தேரோட்டினால் யார்தான் ஜயிக்கமாட்டார்கள் என்று கங்கன் திரும்பத் திரும்பச் சொன்னார். ஆத்திரம் கொண்ட விராடன் கையிலிருந்த காயை அவர் முகத்தில் வீசி அடித்தான். மூக்கிலிருந்து ரத்தம் பெருகியது. அது பூமியில் விழுமுன் தர்மபுத்திரர் கையில் ஏந்திக்கொண்டு பக்கத்தில் நின்ற திரௌபதியைப் பார்த்தார். குறிப்பறிந்த அவள் பொற்பாத்திரத்தில் நீரோடு வந்து தாங்கிக்கொண்டாள்.

உத்தரனும் ப்ருஹந்நளையும் வாயிலில் வந்து நிற்பதாகச் செய்தி வந்தது. யுத்தத்தில் அல்லாமல் தமையனார் உடம்பில் ரத்தம் வரச் செய்தவனை உயிரோடு விடுவதில்லை என்பது அர்ஜுனனுடைய ப்ரதிஜ்ஞை. ஆகவே உத்தரனை மட்டும் உள்ளே விடும்படி தர்மபுத்திரர் வாயிற்காப்போனின் காதோடு சொன்னார். உள்ளே வந்த உத்தரன் ரத்தத்தைக் கண்டு பதறி, தகப்பனாரை மன்னிப்புக் கேட்கச் செய்தான். தாம் முன்னமே பொறுத்துவிட்டதாகவும், தமக்குக் கோபம் இல்லையென்றும், ரத்தம் தரையில் விழுந்திருந்தால் விராடனுக்கும் அவன் நாட்டுக்கும் கேடு வந்திருக்கும் என்றும் தர்மபுத்திரர் சொன்னார். ரத்தம் நின்ற பிறகே அர்ஜுனன் உள்ளே வந்து வணங்கினான்.